கலைக்கக் கூடாத தட்டு

மும்பைப் புறநகரில் நடுத்தரக் குடும்பங்கள் சதுர அடிகளில்தான் கனவு காண்கின்றன. 2017இல் ரேரா சட்டம் முழுமையாக நடைமுறைக்கு வந்தபின், மாடிப்படியையும் லிஃப்டையும் சேர்த்துக் கணக்குக் காட்டாமல், சுவர்களுக்குள் இருக்கும் இடத்தை மட்டுமே அளந்து விற்க வேண்டும் என்றானது. அந்தக் கணக்கில் டோம்பிவிலியில் இருக்கும் எங்கள் வீடு 410 சதுர அடி. ஹால், ஒரு படுக்கையறை, சமையலறை. ஹால் பகலில் கூடம், மாலையில் மகளின் படிப்பறை, இரவு பத்து மணிக்கு மேல் இன்னொரு படுக்கையறை.

இப்படிப்பட்ட வீட்டில் பொருள்களுக்கு இடம் கண்டுபிடிப்பது பெரிய வித்தை இல்லை. கட்டிலுக்கடியில் டிரங்குப் பெட்டி, பெட்டிக்குள் கம்பளி, கம்பளிக்கு நடுவே வெள்ளி விளக்கு என்று எல்லாப் பெண்களும் இதில் தேர்ந்துவிடுகிறோம். இடம் கிடைக்காதது பாதியில் நிற்கும் காரியத்துக்குத்தான். நாலு வரிசை பின்னிய கூடை, இரண்டு நிறம் மட்டும் பூசிய படம், நாளைக்குத் தொடரலாம் என்று விட்ட ஆட்டம், இவற்றுக்கெல்லாம் இரவு படுக்கை விரிக்கும்போது ஆயுள் முடிந்துவிடும். கைவேலைக்கும் விளையாட்டுக்கும் வீட்டில் ஓர் இடம் ஒதுக்குவது பற்றிப் பேசுகிறவர்கள் அலமாரிகளையும் வண்ண வண்ண டப்பாக்களையும் பற்றிப் பேசுகிறார்கள். எங்கள் வீட்டில் அந்தப் பிரச்சினை என் மாமியார் ஊருக்குத் திரும்புவாரா, எங்களோடு இருப்பாரா என்ற கேள்வியாக வந்து நின்றது.

மாமனார் 2019இல் காலமானார். அம்பாசமுத்திரம் பக்கத்துக் கிராம வீட்டில் அத்தை இரண்டு வருடம் தனியாகவே இருந்தார். 2021இல் கொரோனாவின் இரண்டாவது அலை ஓய்ந்ததும் என் கணவர் போய், வற்புறுத்தி அழைத்து வந்துவிட்டார். எழுபது வயதில், மொழி தெரியாத ஊரில், நாலாவது மாடியில் வந்து இறங்கினார் அத்தை. நாங்கள் இருவரும் வேலைக்குப் போகிறோம். மகளுக்கு அப்போது எட்டு வயது. ஆன்லைன் வகுப்பு முடிந்தால் அதே போனில் வேறு ஏதாவது. டெலிவிஷன் சீரியல்கள் அத்தைக்கு அலுத்துப் போக ஒரு மாதம்கூட ஆகவில்லை.

"இங்க நாலு செவரு. பாத்துக்கிட்டே இருந்தா செவரும் நம்மளப் பாக்கு" என்றார் ஒரு நாள். கொண்டு வந்த ரெக்சின் பை கட்டிலருகே அப்படியே இருந்தது. புடவைகளைப் பீரோவில் வைக்கச் சொன்னால், "இருக்கட்டும்மா, அடுத்த மாசம் டிக்கெட் போடச் சொல்லியிருக்கேன்" என்பார். அடுத்த மாசமும் அதையே சொல்வார்.

அத்தைக்குக் கைவேலை பழக்கம் உண்டு. ஓலைப்பெட்டி முடைவார். எண்பதுகளில் ஊரெல்லாம் வயர்க்கூடை மோகம் பரவியபோது அதையும் கற்றுக்கொண்டவர். சாதா முடிச்சு, நெல்லிக்காய் முடிச்சு, சிவன் கண் என்று அவர் கைபட்ட கூடைகள் அவருடைய பெண்களின் வீடுகளில் இன்றும் காய்கறி சுமக்கின்றன. மகாராஷ்டிர அரசு 2018இல் பிளாஸ்டிக் பைகளைத் தடை செய்த பிறகு, எங்கள் குடியிருப்பிலும் கூடைக்கு மதிப்பு வந்திருந்தது. ஊரிலிருந்து வந்த உறவினர் ஒருவரிடம் வயர்க்கட்டுகள் வாங்கி வரச் சொன்னேன்.

கூடை பின்னிப் பார்த்தவர்களுக்குத் தெரியும். அடிப்பகுதி முடிந்ததும் நாலு பக்கமும் முழக்கணக்கில் வயர்கள் விரிந்து கிடக்கும். அந்த நிலையில் அதைச் சுருட்டி வைத்தால் மறுநாள் சிக்கெடுக்கவே அரை நாள் போய்விடும். இரவு ஒன்பதரை ஆனதும் யாரும் சொல்லாமலே அத்தை எல்லாவற்றையும் அள்ளி ஒரு பைக்குள் திணித்துக் கட்டிலுக்கடியில் தள்ளுவார். "பிள்ள படுக்கணும்லா." மூன்று நாள் இப்படி நடந்தது. நாலாம் நாள் பை வெளியே வரவில்லை.

வெளியே சும்மா கிடந்த இடம் என்று ஹாலில் ஒன்றுதான் உண்டு. ஜன்னலுக்கும் பீரோவுக்கும் இடையில் நாலரை அடிச் சுவர். சும்மா என்றா சொன்னேன்? 2020 ஊரடங்கில் அங்கே என் கணவரின் மேசை வந்து உட்கார்ந்தது. அலுவலகம் மறுபடி அழைத்துக்கொண்ட பிறகும், வாரத்தில் இரண்டு நாள் வீட்டிலிருந்து வேலை என்பதால் மேசை நகரவில்லை. நான் அந்தச் சுவரைக் கேட்டேன். "நான் சம்பாதிக்கிற இடம் அது" என்றார் அவர். அதில் தப்பில்லை. வீட்டுக் கடனின் தவணை அந்த மேசையிலிருந்துதான் போகிறது. ஆனால் வாரத்தில் ஐந்து நாளும், எல்லா மாலைகளிலும் அந்த மேசை துணி மடித்து வைக்கும் இடமாகத்தான் இருந்தது என்பதும் உண்மை. எங்களுக்குள் இது நாலு வாரம் இழுபட்டது. கேட்டுக்கொண்டிருந்த அத்தை, "எனக்காகச் சண்ட வேண்டாம், டிக்கெட்டப் போடு" என்றதும் இரண்டு பேரும் வாயை மூடினோம்.

விளையாட இடம் வேண்டும் என்பது ஆடம்பரம் போலத் தோன்றலாம். ஃபத்தேபூர் சிக்ரியில் அக்பர் தன் அரண்மனை முற்றத்துத் தரையிலேயே பெரிய பச்சீசிப் பலகையை அமைத்துக்கொண்டார். அங்கே அடிமைப் பெண்களையே காய்களாக நிற்கவைத்து ஆடினார் என்று கதை சொல்கிறார்கள். நமக்கு அத்தனை பெரிய முற்றம் கிடையாது. ஆனால் ஏழைகளுக்கும் ஓர் இடம் இருந்தது. நம் ஊரில் திண்ணை. மும்பையில் சால் வீடுகளின் பொது நடைவழி. வொர்லியிலும் நாய்காவிலும் 1920களில் கட்டப்பட்ட பி.டி.டி. சால்களில் ஓர் அறை 160 சதுர அடிதான். அதில் குடும்பமே இருந்தது. விளையாட்டும் பின்னலும் வெங்காயம் உரிப்பதும் கதவுக்கு வெளியே அந்த நடைவழியில் நடந்தன. கேரம் பலகை அங்கே ஒரு டிரம்மின் மேல் நிரந்தரமாகக் கிடக்கும். அடுக்குமாடி வந்தது; சொந்தக் குளியலறை வந்தது; நடைவழி போய்விட்டது. இப்போது வராந்தாவில் செருப்பு அலமாரி வைத்தாலே தீயணைப்பு விதியைக் காட்டி சொசைட்டி நோட்டீஸ் தருகிறது. திண்ணை செய்த வேலையை இனி வீட்டுக்குள்தான் செய்தாக வேண்டும்.

இன்னொன்றையும் யோசித்தேன். நம் பழைய ஆட்டங்கள் இடநெருக்கடி தெரிந்தவர்கள் கண்டுபிடித்தவை. பல்லாங்குழிக் கட்டையில் பதினான்கு குழிகள். நடுவில் கீல் வைத்து மடக்கினால் பெட்டியாகிவிடும், காய்கள் அதற்குள்ளேயே. தாயத்துக்கு ஒரு சாக்கட்டி போதும். மூன்று புலியும் பதினைந்து ஆடும் ஆடும் ஆடுபுலி ஆட்டத்துக்கும் அதேதான். கோயில் மண்டபங்களின் கல்தரையில் அந்தக் கட்டங்களைச் செதுக்கியே வைத்திருக்கிறார்கள். பரமபதம் சுருட்டி வைக்கக்கூடிய ஒரு தாள். அடம்பிடிப்பது கேரம் ஒன்றுதான். ஆடும் பரப்பே 74 சென்டிமீட்டர் சதுரம். சட்டத்தையும் சேர்த்தால் மூன்றடிக்குச் சற்றுக் குறைவு. அதை மடக்க முடியாது.

ஆட்டங்களே மடங்கும்போது மேசை ஏன் மடங்கக் கூடாது? கோரக்பூரிலிருந்து வந்து எங்கள் பகுதியில் வேலை செய்யும் தச்சர் ஒருவரிடம் கேட்டோம். ஒரே நாளில் செய்து கொடுத்தார். மூன்றடி அகலம், இரண்டடி ஆழத்தில் ஒட்டுப்பலகை. சுவரோடு கீல், இரண்டு பக்கமும் சங்கிலி. இறக்கினால் மேசை; ஏற்றினால் சுவரோடு ஒட்டிக்கொள்ளும். மடக்கினால் தெரியும் அடிப்பக்கத்தில் கரும்பலகைப் பெயின்ட் அடித்தோம். தரையிலிருந்து 27 அங்குல உயரம் என்பது ஒரு சமரசம். அத்தைக்கு முழங்கால் வலி, தரையில் உட்கார முடியாது. நாற்காலியில் உட்கார்ந்து குனியாமல் செய்ய வேண்டும். மகளுக்குத் தோள் உயரக் கூடாது. என் கணவருக்குச் சற்றுத் தாழ்வுதான், பழகிக்கொண்டார். பொருளும் கூலியுமாக ஆறாயிரத்துக்குள் முடிந்தது.

பலகைக்கு மேலே ஒரே ஒரு தட்டு. அதன் கீழே வரிசையாக நாலு கொக்கிகள். இந்தத் தட்டும் கொக்கிகளும்தான் மொத்த ஏற்பாட்டின் உயிர். சட்டம் இதுதான்: இங்கே பாதியில் இருப்பதை யாரும் கலைக்கக் கூடாது. விருந்தாளி வந்தாலும், தீபாவளிக்கு வெள்ளையடித்தாலும் சொந்தக்காரரைக் கேட்காமல் தொடக் கூடாது. பின்னுகிற கூடை கொக்கியில் தொங்கும். வயர்கள் தொங்கியபடி இருப்பதால் சிக்கு விழாது. ஆட்டம் பாதியில் நின்றால் பல்லாங்குழிக் கட்டை குழியும் காயுமாக அப்படியே தட்டில் ஏறும். கேரம் பலகைக்குப் பீரோவின் பக்கவாட்டில் நாலு அங்குலச் சந்து கிடைத்தது. ஆடும்போது ஸ்டூல் மேல் வைத்துக்கொள்கிறோம்.

என் கணவருடன் செய்துகொண்ட உடன்படிக்கையும் உண்டு. அவர் வீட்டில் வேலை செய்யும் இரண்டு நாளும் மாலை ஆறு மணி வரை பலகை அவருடையது. ஆறு அடித்தால் லேப்டாப் மூடப்படும். முதல் மாதம் ஆறு மணிக்கு என் மகள் கையில் சுவர்க்கடிகாரத்தைத் தூக்கிக்கொண்டு போய் அவர் முன்னால் நிற்பாள்.

செய்து பார்க்க விரும்புகிறவர்களுக்காகச் சில விவரங்கள். டப்பாக்களை இரண்டு வகையாகப் பிரியுங்கள்: கேட்காமல் எடுக்கலாம், கேட்டுத்தான் எடுக்க வேண்டும். காகிதம், கிரேயான், காய்கள் கீழே. கத்தரி, ஊசி, பசை மேலே. கேரமுக்குப் போரிக் பவுடர் பயன்படுத்தினால் அதுவும் மேலேதான். சிறு குழந்தைகள் வாயில் போட்டால் விஷம். பல்லாங்குழிக்குக் குன்றிமணி அழகாக இருக்கும் என்பார்கள். வேண்டாம். ஓடு உடைந்தாலோ, மென்றுவிட்டாலோ, உள்ளிருக்கும் அப்ரின் என்ற நஞ்சு உயிரையே எடுக்கும். சோழியோ புளியங்கொட்டையோ போதும். கைக்குழந்தை இருக்கும் வீட்டில் அவையும் தொண்டையில் சிக்கும் என்பதால் மூடி வைக்க வேண்டும். மும்பை மழையில், ஜூன் முதல் செப்டம்பர் வரை, வெளிச்சுவர் ஈரம் கசியும். பலகைகளைச் சுவரோடு நேராகச் சாய்த்தால் உப்பிவிடும். பின்னால் இரண்டு மரச்சட்டம் வைத்துக் காற்றுப் போக விடுங்கள். புளியங்கொட்டையைச் சட்டியில் லேசாக வறுத்து வைத்தால் பூச்சி வராது. விளக்கு தலைக்குப் பின்னால் இருந்தால் கை நிழல் வேலையின் மேல் விழும். முன்னாலோ இடப்பக்கமோ இருக்கட்டும்.

முதல் கூடை இருபது நாளில் முடிந்தது. பச்சையும் வெள்ளையும், சிவன் கண். அதைவிட எனக்கு முக்கியமாகப் பட்டது வேறொன்று. என் மகள் பள்ளியில் படிப்பது ஆங்கிலம், இந்தி, மராத்தி. தமிழ் காதில் விழும், வாயில் வராது. ஆச்சியிடம் பேச என்னை மொழிபெயர்ப்பாளராக வைத்துக்கொண்டிருந்தவள் அவள். பல்லாங்குழியில் குழிக்கு ஐந்து காய் என்றால் மொத்தம் எழுபது. எண்ணித்தான் ஆக வேண்டும். காயைக் கொத்தாகப் போட்டுவிட்டு நழுவப் பார்ப்பாள். "ஏட்டி, ஒண்ணொண்ணா எண்ணிப் போடு. அள்ளிப் போட்டா அதுக்குப் பேரு ஆட்டமா?" என்பார் அத்தை. நாற்பதுக்கு மேல் மராத்திக்குத் தாவிக்கொண்டிருந்த எண்கள் மூன்று மாதத்தில் எழுபது வரை தமிழிலேயே வந்தன. குழியில் நாலு காய் சேர்ந்தால் "பசு" என்று கத்திக்கொண்டு எடுப்பாள். டப்பாக்களுக்குப் பெயர் எழுதி ஒட்டும் வேலையையும் அவளிடமே விட்டோம். "கத்தரி" என்பதில் வல்லின ர போட்டு எழுதியிருந்தாள். அதையும் யாரும் கலைக்கவில்லை. ஒரு வருடம் கழித்து அவளே திருத்தினாள்.

கீழ்த்தளத்தில் ஒரு மராத்திப் பாட்டி இருக்கிறார். பேத்தியைத் தேடி மாடிக்கு வந்தவர் கூடையைப் பார்த்து உட்கார்ந்துவிட்டார். அத்தைக்கு மராத்தி தெரியாது. அவருக்குத் தமிழ் தெரியாது. மறுநாள் முந்தானையில் எதையோ முடிந்துகொண்டு வந்து பலகையில் கொட்டினார். சாம்பல் நிறத்தில், கோலி அளவில், வழுவழுப்பான கொட்டைகள். "சாகர்கோட்டே" என்றார். அத்தை ஒன்றைக் கையில் எடுத்துப் பார்த்தார். "ஏ, இது நம்ம கழற்சிக்காய்லா!"

அதேதான். கழற்சிக்கொடியின் விதை. சங்ககாலப் பெண்கள் கழங்காடியதாகப் படிக்கிறோமே, அந்தக் கழங்கு. ஒன்றை மேலே எறிந்துவிட்டு, அது இறங்குவதற்குள் தரையில் கிடப்பவற்றை அள்ளி, இறங்குவதையும் பிடிக்க வேண்டும். தமிழ்நாட்டில் இப்போது பெரும்பாலும் கற்களை வைத்துத்தான் ஆடுகிறார்கள். மகாராஷ்டிரத்தில் அந்த விதையின் பெயரிலேயே ஆட்டம் இருக்கிறது. இரண்டு கிழவிகளும் அன்று மாலை வெகுநேரம் ஆடினார்கள். நடுவில் மராத்திப் பாட்டி ஒரு கொட்டையைத் தரையில் பரபரவென்று தேய்த்து அத்தையின் புறங்கையில் சூடு வைத்தார். அத்தை அலறிவிட்டுச் சிரித்த சிரிப்பு எங்கள் வீட்டில் அதற்கு முன் கேட்டதில்லை. இந்த நாலரை அடிச் சுவரால் அத்தைக்கு டோம்பிவிலியில் ஒரு சிநேகிதி கிடைத்தார்.

இதனால் எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுதினால் அது பொய். என் மகளுக்கு இப்போது பன்னிரண்டு வயது. போனின் இழுப்பு எழுபது காய்களைவிடப் பலமானது. வாரத்தில் மூன்று நாள் பலகை இறங்கினால் பெரிது. அத்தைக்கும் ஊர் மறக்கவில்லை. ஊர் என்பது வீடும் வேப்பமரமும் மட்டுமில்லை, ஐம்பது வருடம் மாமனாரோடு வாழ்ந்த இடம். அதைப் பலகையும் கொக்கியும் ஈடுகட்டாது. "டிக்கெட்டப் போடு" என்பதை இன்னமும் சொல்கிறார். சொல்லும் தொனிதான் மாறியிருக்கிறது. பங்குனி உத்திரத்துக்குச் சாஸ்தா கோயிலுக்குப் போய்விட்டு, இரண்டு மூன்று மாதம் இருந்து, மழை பிடிப்பதற்குள் திரும்புகிறார். ரெக்சின் பை பீரோவுக்கு மேலே ஏறிவிட்டது.

ஆகவே, இடம் இல்லை என்று சொல்லும் வீடுகளுக்கு நான் சொல்வது இதுதான். தனி அறை தேவையில்லை. இரண்டடிப் பலகையும் நாலு கொக்கிகளும் எந்த வீட்டிலும் மாட்டலாம். கொடுக்கக் கஷ்டமானது, ஒருவர் பாதியில் விட்டதை மற்றவர்கள் தொடாமல் இருப்பது. குழந்தைக்கும் முதியவருக்கும் வீட்டில் சம்பாத்தியம் கிடையாது, சாவிக்கொத்தும் கிடையாது. "இது என்னுடையது, நாளைக்கு வந்து தொடர்வேன்" என்று சொல்ல அவர்களுக்கு ஏதாவது ஒன்று வேண்டியிருக்கிறது. நாளைக்கு என்ற சொல் அந்தத் தட்டில்தான் இருக்கிறது.

இந்தப் பங்குனியில் ஊருக்குக் கிளம்பும்போது அத்தை பின்னிக்கொண்டிருந்தது மஞ்சளும் நீலமுமாக ஒரு சாப்பாட்டுக் கூடை. அடி முடிந்து, பக்கம் ஆறு வரிசை ஏறியிருந்தது. "எடுத்துட்டுப் போங்க அத்தை, அங்க முடிச்சுக்கலாம்" என்றேன். "எதுக்கு? வந்து முடிக்கேன்" என்று கொக்கியில் மாட்டிவிட்டுப் போனார். அது அங்கே தொங்குகிறது. என் கணவரின் வீடியோ கூட்டங்களில் அவருடைய தோளுக்குப் பின்னால் நீல வயர்கள் தொங்குவது எல்லோருக்கும் தெரிகிறது. அது என்ன என்று மேலதிகாரி ஒருவர் கேட்டாராம். "அம்மாவுடையது" என்று சொல்லிவிட்டு வேலையைத் தொடர்ந்திருக்கிறார்.